இந்தக் கார் எங்கே நின்றது?

“2017 மாடல் சார்... சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி. 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. நாலு டயரும் புதுசு. ஏ.சி. ஜில்லுனு இருக்கும்.”

பழைய கார் பார்க்கப் போன எல்லோருக்கும் இந்த வசனம் பழக்கம். (இத்தனை கார்களையும் டாக்டர்களே ஓட்டியிருந்தால் நோயாளிகளைப் பார்த்தது யார் என்பது தனிக் கேள்வி.) வாங்கப் போனவர் மனசு 31,000 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்க வேண்டியது அதற்கு அடுத்து வரும் டயரை. சின்னக் காரோடு வரும் கம்பெனி டயர், ஒழுங்காக ஓட்டினால் 40,000 கிலோமீட்டராவது தாங்கும். 31,000-த்துக்குள் நாலையும் மாற்ற வேண்டி வந்தது ஏன்?

இரண்டு பதில்தான் இருக்க முடியும். ஒன்று, மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். இன்னொன்று, வண்டி நிஜமாகவே ஓடவில்லை. வருடக்கணக்கில் நின்று நின்று ரப்பர் இறுகி வெடித்துவிட்டது. முதல் பதிலை நினைத்து எல்லோரும் பயப்படுகிறோம். இரண்டாவதை நினைத்து யாரும் பயப்படுவதில்லை. சொல்லப்போனால் ‘ஓடாத வண்டி’ என்று அதற்காகக் கூடவே பத்து, இருபதாயிரம் கொடுக்கிறோம்.

நகரத்துக்குள் புழங்கிய சின்னக் காரைப் பொறுத்தவரை இது தலைகீழ்க் கணக்கு. ஆல்ட்டோவும் வேகன் ஆரும் ஐ10-உம் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம். எத்தனை மாதம் அசையாமல் நின்றது, எந்த மழையில் எந்தத் தெருவில் நின்றது, ஆர்.சி. புத்தகத்தில் யார் பேரில் நிற்கிறது - இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மீட்டரில் என்ன எண் இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

புதுசின் விலை தெரியாமல் பழசைப் பேசாதீர்கள்

முதலில் பணம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்தது. நாலு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு அதுவரை 28 சதவிகிதமும் அதற்கு மேல் செஸ்ஸும் இருந்தது. குறைப்புக்குப் பிறகு மாருதி ஆல்ட்டோ கே10-இன் ஆரம்ப ஷோரூம் விலை 3,69,900 ரூபாய்க்கும், எஸ்-பிரஸ்ஸோ 3,49,900 ரூபாய்க்கும் இறங்கின. ஆயுள் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆல்ட்டோ சாலைக்கு வரும்போது ஏறக்குறைய நாலரை லட்சம் ஆகும்.

அப்படியிருக்க, மூன்று வருடப் பழைய ஆல்ட்டோவுக்கு மூன்றேகால் லட்சம் கேட்பவரிடம் நின்று பேசவே வேண்டாம். அதே மூன்றேகாலுக்கு ஏழெட்டு வருடமான வேகன் ஆரோ, செலேரியோவோ, கிராண்ட் ஐ10-ஓ கிடைக்கும். பழைய கார் வாங்குவதில் லாபமே, புதுசில் எட்டாத வண்டி பழசில் எட்டுகிறது என்பதுதான். புதுசாகவே எட்டுகிற வண்டியை, ஒரு லட்சத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அடுத்தவர் கையிலிருந்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஒரு லட்சம் இரண்டு வருடத்தில் டயர், பேட்டரி, கிளட்ச், ஏ.சி. என்று போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

‘பழைய காருக்கும் 18 சதவிகித வரியாம்’ என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அது பாதி உண்மை. 2024 டிசம்பர் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் முடிவானது, பதிவு பெற்ற வியாபாரி பழைய காரை விற்கும்போது அவருக்குக் கிடைக்கும் லாபத்தின்மீது 18 சதவிகிதம் என்பது. கார் விலை முழுவதற்கும் அல்ல. பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரடியாக வாங்கினால் அதுவும் இல்லை.

நின்றே கெட்ட வண்டி

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, அப்பா அம்மாவுக்கென்று ஆசையாக வாங்கிக் கொடுத்த கார் ஒவ்வொரு அப்பார்ட்மென்ட்டிலும் ஒன்றாவது நிற்கிறது. வெள்ளிக்கிழமை கோயில், மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி. மீதி நாளெல்லாம் சாம்பல் நிற உறைக்குள். எட்டு வருடத்தில் 20,000 கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. விற்பனைக்கு வரும்போது அதைப் பார்க்க ஆறு பேர் போட்டிபோடுவார்கள்.

அந்தக் காருக்குள் என்ன நடந்திருக்கும்? இன்ஜின் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு காலக் கணக்கும் உண்டு. ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ‘ஓடவே இல்லையே’ என்று பெரியவர் மூன்று வருடம் மாற்றாமல் விட்டிருப்பார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பிரேக் சிலிண்டரும் காலிப்பரும் உள்ளே அரிக்கும். இரண்டு கிலோமீட்டர் போய் அணைக்கும்போது இன்ஜின் முழுச் சூட்டுக்கே வருவதில்லை. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி வெளியேறாமல் சைலன்சரிலேயே தங்கி, அதை உள்ளிருந்தே துருப்பிடிக்கவைக்கும். கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால், ஒன்று இந்தக் குட்டிப் பயணங்களின் ஈரம். அல்லது ஹெட் கேஸ்கட் போய்க் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. முதலாவது ஒரு ஆயில் சர்வீஸில் தீரும். இரண்டாவது இன்ஜினைப் பிரிக்கவைக்கும். எது என்று மெக்கானிக் சொல்லாமல் பணத்தை எண்ணாதீர்கள்.

அப்புறம் எலி. நிற்கும் காரைவிடப் பத்திரமான வீடு அதற்கு ஊருக்குள் கிடையாது. பானெட்டைத் திறந்ததும் பளபளப்பைப் பார்க்காமல் வயர்களைப் பாருங்கள். கம்பெனி சுற்றிய வயர் கட்டு ஒரே மாதிரி இருக்கும். நடுவில் புதுசாக மினுங்கும் கறுப்பு டேப் இருந்தால் அங்கே எலி கடித்து, யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஏர் ஃபில்டர் டப்பாவையும், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஏ.சி. ஃபில்டரையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வைக்கோல், பஞ்சு, புழுக்கை எல்லாம் சாட்சி சொல்லும். ஒட்டுப்போட்ட வயர் இன்றைக்கு வேலை செய்யும். அடுத்த மழைக்கு, காரணமே தெரியாமல் இன்ஜின் விளக்கு எரியும். எலெக்ட்ரீஷியன் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு சென்சாரை மாற்றுவார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம், தாம்பரத்திலிருந்து தினம் ஸ்ரீபெரும்புதூர் வேலைக்குப் போய் வந்த 90,000 கிலோமீட்டர் வேகன் ஆர். ஒவ்வொரு 10,000-த்துக்கும் சர்வீஸ் பில் இருக்கிறது. கிளட்ச் ஒருமுறை மாற்றியாயிற்று, பேட்டரி இரண்டுமுறை. விலை முப்பதாயிரம் குறைவு. நான் இந்தக் காரைத்தான் எடுப்பேன். வருடத்துக்கு எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை, சீராக ஓடி, காலாகாலத்தில் ஆயில் பார்த்த இன்ஜின் ஒரு லட்சத்தைத் தாண்டியும் சத்தமில்லாமல் போகும். அது போகும் என்பதற்கு அத்தாட்சி அதன் பில்களிலேயே இருக்கிறது. 20,000 ஓடிய காருக்கு அப்படி எந்த அத்தாட்சியும் இல்லை.

டிசம்பர் தண்ணீர்

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றதை ஊரே பார்த்தது. சிரித்தவர்கள் உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் நின்ற காரைப் பறிகொடுத்தவர்கள் சிரிக்கவில்லை. பாலத்தில் ஏற்றாமல் விட்ட கார்கள் எங்கே போயின என்பதுதான் பழைய கார் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது.

வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வருவார். பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் போட்ட மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அது ‘டோட்டல் லாஸ்’. ஓனருக்குப் பணம் வரும். கார் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர்களில் சிலர் பிரித்து உதிரிபாகமாக விற்கிறார்கள். சிலர் கழுவி, காயவைத்து, சீட் உறை மாற்றி, நாலு மாவட்டம் தள்ளி ஒரு கார் கன்சல்ட்டிங்கில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதனால் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை என்று சென்னைப் பேர்களைக் கேட்டு மட்டும் உஷாரானால் போதாது. 2023 டிசம்பரிலேயே தென் மாவட்டங்களும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. டி.என்.69, டி.என்.72 வண்டிகளிலும் அந்தத் தண்ணீர் இருக்கலாம்.

மூழ்கிய கார் அன்றைக்கே சாவதில்லை என்பதுதான் சிக்கல். சின்னக் கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள், ஃப்யூஸ் பெட்டி, வயர் இணைப்புகள் பலவும் டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் உயரத்தில் இருக்கின்றன. அழுக்குத் தண்ணீர் பட்ட பித்தளைப் பின்கள் மெதுவாகப் பச்சை பூக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பவர் விண்டோ இறங்காது, ஏர்பேக் விளக்கு அணையாது, சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் தானாக நிற்கும். தண்ணீருக்குள் நின்றபோது யாராவது ஸ்டார்ட் வேறு செய்திருந்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கக்கூடும். அதுவும் உடனே சொல்லாது.

கண்டுபிடிக்க என்ன வழி? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். தினம் வெளியே தெரியும் பாதி சுத்தமாக இருக்கும். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் விரலால் தடவுங்கள். முன் சீட்டைப் பின்னால் தள்ளி அடித் தண்டவாளத்தையும் போல்ட்டையும் பாருங்கள். வெளியே துளி துரு இல்லாத காரில் சீட் போல்ட் மட்டும் துருப்பிடித்திருக்க வேறு காரணம் இல்லை. கால்மிதிக்கு அடியில் இருக்கும் தரைவிரிப்பின் ஓரத்தைக் கிளப்பி மோந்து பாருங்கள். உள்ளே நுழைந்ததும் மல்லிகை வாசனை மூக்கைத் துளைத்தால் அது எதை மறைக்க அடித்தது என்று யோசியுங்கள்.

இதையெல்லாம்விட நல்ல சாட்சி ஒரு காகிதம்: பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி. க்ளெய்ம் வாங்காத ஒவ்வொரு வருடத்துக்கும் போனஸ் ஏறும். 20, 25, 35, 45, 50 சதவிகிதம் என்று படிப்படியாக ஐந்து வருடத்தில் உச்சத்துக்குப் போகும். ஒரு க்ளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். 2017 ஜூனில் வாங்கிய, சிங்கிள் ஓனர் கார், ‘ஒரு க்ளெய்ம்கூட இல்லை சார்’ என்றால் பாலிசியில் 50 இருக்க வேண்டும். 2025 ஜூன் பாலிசியில் 20 என்று இருந்தால், 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் நடுவில் ஏதோ க்ளெய்ம் போயிருக்கிறது என்று அர்த்தம். அதன் நடுவில் எந்த டிசம்பர் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினாலும் போனஸ் போய்விடும், கதவு இடித்ததற்கும் க்ளெய்ம் வாங்கியிருக்கலாம் என்பதெல்லாம் சரி. கேளுங்கள். பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள்.

கடல் காற்று ஒரு துணைக்கதை. பெசன்ட் நகர், கொட்டிவாக்கம், நீலாங்கரை, தூத்துக்குடிப் பக்கம் தெருவிலேயே நின்ற காரில் கதவின் அடி விளிம்பு, வீல் ஆர்ச்சின் உள்பக்கம், சைலன்சர் மூன்றையும் பார்க்காமல் வராதீர்கள். மேலே பெயின்ட் அடிக்கலாம், அடியில் யாரும் அடிப்பதில்லை.

மீட்டர்

இதை அதிகம் நீட்ட வேண்டாம். ஒரு காலத்தில் கேபிளைக் கழற்றி மீட்டரைத் திருப்பினார்கள். இப்போது லேப்டாப்பைச் செருகித் திருப்புகிறார்கள். டிஜிட்டல் என்பதால் பொய் சொல்லாது என்பது மூடநம்பிக்கை. திருப்ப முடியாதவை வேறு இருக்கின்றன. பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங்கில் கை வைக்கும் இடம் எண்ணெய் பூசியதுபோல் மின்னுகிறதா, ஓட்டுநர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கம் பஞ்சு அமுங்கியிருக்கிறதா? 30,000 கிலோமீட்டரில் இதெல்லாம் ஆகாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வருகையின்போதும் கிலோமீட்டரைக் குறித்திருப்பார்கள். ஓனரையே அழைத்துப்போய் அந்த வரலாற்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வர மறுத்தால் பேச்சு முடிந்தது.

ஆர்.சி.யில் முதலில் வாடகை வண்டியாகப் பதிவாகி, பிறகு ஓன் போர்டு ஆனதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மஞ்சள் போர்டு வெள்ளையானால் கிலோமீட்டரும் கூடவே குறைவது இந்தத் தொழிலில் ஒரு வழக்கம்.

எந்தக் கார்?

எந்தக் கம்பெனி நம்பகமானது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. மோசமாக நின்ற நல்ல மாடலைவிட, நன்றாகப் பார்த்துக்கொண்ட சுமாரான மாடல் மேல். ஆனாலும் சில வேறுபாடுகள் பணத்தில் தெரியும்.

மாருதியின் 998 சி.சி. கே-சீரிஸ் இன்ஜின் 2010-இல் ஆல்ட்டோ கே10, வேகன் ஆர் இரண்டிலும் வந்தது. அதில் டைமிங் செயின். ஆல்ட்டோ 800-இன் 796 சி.சி. இன்ஜினில் டைமிங் பெல்ட். ஹூண்டாய் ஐ10-இல் 1.1 என்றால் பெல்ட், 1.2 கப்பா என்றால் செயின். பெல்ட் இருப்பது குற்றமில்லை. ஆனால் அதைக் காலக்கெடுவில் மாற்றிய பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டு, வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும்.

இந்தக் கார்களில் பாதிக்குச் சென்னைதான் பிறந்த வீடு. 1998-இல் முதல் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையிலிருந்துதான் வந்தது. ஐ10-உம் இயானும் அங்கேதான். முதல் தலைமுறை ஃபோர்டு ஃபிகோ மறைமலை நகர். ரெனோ க்விட்டும் டட்சன் கார்களும் ஓரகடம். அதற்காக எல்லாவற்றுக்கும் ஸ்பேர் கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. செவர்லே 2017 முடிவோடு இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. டட்சன் 2022 ஏப்ரலில் விலகியது. இந்த வண்டிகள் சல்லிசாகக் கிடைக்கும். ஃபிகோ ஓட்டுவதற்கு ஆல்ட்டோவைவிடப் பல மடங்கு சுகமான வண்டி என்பேன். உங்களுக்குக் கையில் ஒரு நல்ல மெக்கானிக்கும், புதுப்பேட்டைச் சந்துகளில் அலையப் பொறுமையும் இருந்தால் எடுங்கள். வீட்டில் ஒரே கார், காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஆபீஸ் போச்சு என்பவர்களுக்கு வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். 2014-இல் செலேரியோவோடு இங்கே அறிமுகமான ஏ.எம்.டி. என்பது நம் சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் வேலையை மட்டும் ஒரு மோட்டார் அமைப்பு செய்கிறது. சென்னைப் பாடி டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து வந்த காரில் கிளட்ச் தேய்ந்திருக்கும். அதை இயக்கும் அமைப்பு பழுதானால் சாதாரண கிளட்ச் மாற்றுவதைவிடப் பல மடங்கு செலவு. மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். உதறினாலோ, முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் மாற யோசித்தாலோ விட்டுவிடுங்கள்.

டீசல் வேண்டாம். நகரத்துக்குள் பத்துப் பத்துக் கிலோமீட்டராக ஓட்டுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. டெல்லியில் பழைய டீசல் கார்களுக்கு இருக்கும் கெடுபிடியால் அங்கிருந்து தெற்கே வரும் வண்டிகளும் இதில் கலந்திருக்கின்றன, என்.ஓ.சி., இங்கே மறுபடி வரி என்று அலைச்சல் தனி.

நம்பகம் என்றால் ஸ்டார்ட் ஆவது மட்டுமா? 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்ட்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதிப் பார்த்து ஐந்துக்கும் பூஜ்ய ஸ்டார் கொடுத்தது. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம், அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக். அதனால் 2018 மாடலுக்கும் 2019 கடைசி மாடலுக்கும் இருபதாயிரம் வித்தியாசம் என்றால் யோசிக்காமல் கொடுக்கலாம். 2018 நவம்பர் முதல் 2019 அக்டோபர் வரை தயாரான வேகன் ஆர் ஒரு லிட்டர் கார்களில் ஒரு பகுதியை, பெட்ரோல் பம்ப் கோளாறு இருக்கலாம் என்று 2020-இல் கம்பெனியே திரும்ப அழைத்தது. இதுபோன்ற அழைப்புகளை ஓனர்கள் பலர் கண்டுகொள்வதில்லை. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள்.

சாவியைத் திருப்பும் முன்

‘நான் வருகிறவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ முன்னேற்பாடு செய்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஐந்து நிமிடம் ஓடிய பிறகு ஆயில் மூடியைத் திறந்தால் லேசாகக் காற்று வரலாம். மூடி துள்ளினால் இன்ஜின் வேலைக்கு வந்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கும்போது விற்பவர் நல்ல ரோட்டுக்குத்தான் வழி காட்டுவார். நீங்கள் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட தெருவுக்குள் விடுங்கள். பாட்டை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். ‘டொக் டொக்’ சத்தம் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு என்றால் சில ஆயிரங்களில் முடியும். ஸ்டியரிங் ரேக் என்றால் பல ஆயிரம். காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்தால் கிளட்ச் பிளேட் நலம். அணையாமல் உறுமினால் வழுக்குகிறது.

கடைசியாக எல்லோரும் விட்டுவிடும் ஒன்று. ஓட்டி முடித்ததும் இறங்கிவிடாதீர்கள். மதிய வெயிலில், ஏ.சி. போட்டபடி, பதினைந்து நிமிடம் நின்ற இடத்திலேயே விடுங்கள். ஓடும்போது காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போதுதான் ஃபேனும் தெர்மோஸ்டாட்டும் ஏ.சி. கம்ப்ரஸரும் தங்கள் நிலையைக் காட்டும். இப்போது பல சின்னக் கார்களில் வெப்பமானி முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது இன்ஜின் ஏற்கெனவே வெந்திருக்கும். ஃபேன் ஓடி ஓடி நிற்கிறதா என்று காது கொடுங்கள்.

பெரிய நிறுவனங்கள் ‘நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதித்த கார்’ என்று விற்கின்றன. அந்தப் பட்டியலில் வைப்பர், ஹார்ன், சீட் சாய்கிறதா என்பதெல்லாம் ஒவ்வொரு அம்சம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் மெக்கானிக்குக்கு ஒரு தொகை கொடுத்து அழைத்துப்போய், காரை ராம்ப்பில் ஏற்றி அடியில் பார்ப்பதற்கு அது மாற்றாகாது.

யார் பேரில் நிற்கிறது?

சென்னையோ கோவையோ, புரோக்கர்கள் கையில் ‘கையெழுத்து வாங்கி வைத்த’ படிவம் 29, 30 இருக்கும். ஓனர் விற்றுப் பல மாதம் ஆகியிருக்கும், கார் மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி. முதல் ஆள் பேரிலேயே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் விட்டால்? விற்று, அடுத்தடுத்துக் கை மாறிய காரால் நடந்த விபத்துக்கு, பதிவேட்டில் பேர் இருந்தவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் கை மாறிக் கை மாறி வந்த பழைய ஐ20-தான். விசாரணை முதலில் போய் நின்றது ஆர்.சி.யில் பேர் இருந்தவரிடம்.

2023 ஏப்ரலிலிருந்து இதற்கு ஒரு வழி இருக்கிறது. அனுமதி பெற்ற டீலரிடம் காரை ஒப்படைத்ததைப் போர்ட்டலில் பதிவுசெய்துவிட்டால், அதன்பின் டீலரே ஓனராகக் கருதப்படுவார். உங்களுக்கு விற்கும் கன்சல்ட்டிங்குக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். எம்பரிவாகன் ஆப்பில் எண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், கடன் நிற்கிறதா, செலான் பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் இல்லாமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆர்.சி. பதினைந்து வருடத்துக்குத்தான், 2012 மாடலை இப்போது வாங்கினால் 2027-இல் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரியும், புதுப்பிக்கும்போது கேட்கும் டிங்கரிங், பெயின்ட் செலவும் தனி. புதுச்சேரிப் பதிவு எண்ணில் ‘விலை குறைவு’ என்று வந்தால், இங்கே கட்ட வேண்டிய வரியைக் கூட்டிப் பாருங்கள். குறைவு காணாமல் போகும்.

இன்ஷூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற வேண்டும். அவருடைய போனஸ் அவரோடு போய்விடும், காரோடு வராது. வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும். ‘அடுத்த ரெனியூவல்ல பாத்துக்கலாம்’ என்று தள்ளினால் மூன்றாம் நபர் இழப்பீட்டைத் தவிர உங்கள் காரின் சேதத்துக்குக் கம்பெனி கைவிரிக்கும்.

விலை பேசும்போது ‘கடைசி ரேட் சொல்லுங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு காகிதத்தை எடுத்து எழுதுங்கள்: டயர் 2018 தயாரிப்பு, நாலுக்கு சுமார் 14,000. பேட்டரி ஐந்து வருடம், 5,000. டைமிங் பெல்ட் பில் இல்லை. கிளட்ச் மேலே பிடிக்கிறது. செலான் பாக்கி. கூட்டி எதிரில் வையுங்கள். நேர்மையாக விற்பவர் பாதியையாவது ஒப்புக்கொள்வார். அங்கேதான் பேரம் உண்மையில் தொடங்கும். டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் வங்கிக் கணக்கு வழியாக.

சாவி கைக்கு வந்ததும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை விற்றவரையே மூடச் சொல்லுங்கள். வண்டியின் பேர் மாறினாலும் அது அவருடைய கணக்கிலேயே இருக்கும். நீங்கள் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் பணம் அவரிடமிருந்து போகும், எத்தனை மணிக்கு எங்கே போனீர்கள் என்ற மெசேஜும் அவர் போனுக்கே போகும்.